ஆறாம் வகுப்புக்குப் பள்ளி பார்த்த கதை

மே மாதத்தில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான மறுநாளே எங்கள் ஊர்ப் பள்ளிகளின் வாசலில் பிளக்ஸ் பலகைகள் முளைத்துவிடும். முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை முகம் புள்ளி புள்ளியாகச் சிதறும் அளவுக்குப் பெரிதாக்கி, அவற்றின் தலைக்கு மேல் தங்க நிறத்தில் '100% தேர்ச்சி' என்று அச்சிட்டிருப்பார்கள். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017 இல் அரசு நிறுத்திய பிறகு 'மாநிலத்தில் முதலிடம்' என்ற சொற்றொடர் இந்தப் பலகைகளிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் நூறு சதவீதம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை ஆண்டுகளும் இவற்றைப் பார்த்தும் பாராமலும் கடந்து போனவள், 2025 மே மாதத்தில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தேன். என் மகள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள்.

அதுவரை அவள் படித்தது ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தபோது எனக்கு ஒரு தயக்கமும் இல்லை என்று சொன்னால் அது பொய். நான் படித்தது இதே ஊரின் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில்தான். வேப்பமரத்தடி வகுப்பு, தமிழம்மாவின் குரல், 1200 மதிப்பெண்ணுக்கு எழுதிய பிளஸ் டூ தேர்வு எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பசுமையை வைத்து இன்றைய பள்ளியை எடைபோட முடியாது. அன்று பாடம் நடத்தியவர்களில் ஒருவர்கூட இன்று அங்கே இல்லை. ஆகவே முன்பின் தெரியாத ஒரு பள்ளியைப் பார்ப்பதுபோலவே பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இரண்டு: பேருந்து நிலையத்துக்கு எதிரே பெண்கள் பள்ளி, ஏரிக்கரையில் இருபாலர் பள்ளி. பெண்கள் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93 விழுக்காடு, ஏரிக்கரைப் பள்ளியுடையது நூறு. பலகையை மட்டும் பார்த்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவுக்குத் தமிழ்நாட்டில் இப்போது தனி எடை வந்துவிட்டது. நீதியரசர் பி. கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 2020 இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இதைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது என்பதைப் பல பெற்றோர் பிளஸ் டூவுக்குப் பிறகுதான் அறிகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022 இல் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற அளவுகோலோடுதான் தொடங்கியது. ஆனாலும் ஒதுக்கீட்டை மட்டும் மனத்தில் வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒதுக்கீடு இருந்தாலும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். பாடம் நடக்காத பள்ளியில் ஏழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்துவிட்டு அங்கே படித்ததற்கான சான்றிதழை மட்டும் வாங்கி வந்து என்ன செய்வது?

முதலில் அந்த நூறு சதவீதத்தைப் பற்றி. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. தேர்வறைக்கே வராத பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு நடந்த ஒரே நாளில் 50,674 பேர் வரவில்லை என்று செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டின் தேர்ச்சி 94.03 விழுக்காடு. அந்த ஐம்பதாயிரம் பேர் இந்த எண்ணில் எங்கேயும் தென்பட மாட்டார்கள். ஒரு பள்ளி அளவில் இதையே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நூறு பேர் மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி, 98 பேர் தேறினால் வாசல் பலகையில் 98 விழுக்காடு என்று வரும். ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் அது 82 ஐக்கூடத் தொடாது. நடுவில் காணாமல் போன இருபது பேரில் சிலர் குடும்பத்தோடு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போயிருக்கலாம், சிலருக்குத் திருமணம் முடிந்திருக்கலாம், சிலரைப் பள்ளியே 'இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மாவட்ட மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்கவைத்துக் கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, அந்தக் கடைசி வகையும் இருக்கத்தான் செய்யும். ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் கேட்ட முதல் கேள்வி தேர்ச்சி விழுக்காடு அன்று. சென்ற ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்பதே.

தேறியவர்களுக்குள்ளும் பார்க்க வேண்டியது இருக்கிறது. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடமொன்றில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு; அதில் 15 எடுத்து, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35 வந்துவிட்டால் அந்தப் பாடத்தில் தேர்ச்சி. அந்த மீதி 30 மதிப்பெண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் கைநிறையவே போடுகின்றன. எழுபதுக்குப் பதினைந்து எடுத்த பிள்ளைக்கு இயற்பியல் தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2025 இல் பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94 விழுக்காடு. இவ்வளவு உயரத்தில் எல்லாப் பள்ளிகளும் நெருக்கியடித்து நிற்கும்போது இரண்டு மூன்று விழுக்காட்டு வேறுபாடு ஒரு பள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கணிதத்தில் அறுபதுக்கு மேல் எத்தனை பேர், 600 க்கு 400 ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உண்மை நிலவரம் கொஞ்சம் வெளியே வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் இதே பட்டியலில் வைத்து ஒப்பிடுவதில் இன்னொரு கோளாறும் உண்டு: நுழைவிலேயே வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியும், கேட்டு வந்த பிள்ளையை எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை.

பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நான் பழைய மாணவி என்றதும் உட்காரச் சொன்னார். அவருடைய இருக்கைக்குப் பின்னால், எல்லா அரசுப் பள்ளிகளிலும் இருப்பதுபோல, ஒரு கரும்பலகை: ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி என்று மூன்று கட்டங்கள். பள்ளி பார்க்கப் போகிறவர்கள் அந்த அறையில் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பலகையைத்தான். தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றிலும் காலிக் கட்டத்தில் சுழியம். கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடத்துக்கு எதிரே மட்டும் '1' என்று சாக்பீஸில் எழுதி, அதைப் பலமுறை அழித்துத் திரும்ப எழுதிய தடம் தெரிந்தது. கேட்டேன். அங்கிருந்தவர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிப் போய்விட்டார், அடுத்த கலந்தாய்வு வரை பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் ஒருவரை வைத்திருக்கிறோம் என்றார். எங்களைப் போன்ற வட மாவட்டங்களின் தீராத வியாதி இது. முதல் பணியிடமாக இங்கே வருகிற தென் மாவட்டத்துக்காரர்கள், பாவம், ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள். 2025 பிளஸ் டூ முடிவில் அரியலூர் 98.82 விழுக்காட்டோடு தலையிலும் வேலூர் 90.79 விழுக்காட்டோடு கடைசியிலும் நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருப்பதற்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு 93 விழுக்காட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. 'ஏம்மா, நூறு காட்டுவது பெரிய வித்தையா? நவம்பரில் ஏழெட்டுப் பேரின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்து அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால்தான் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்கிறார்கள். மார்ச்சில் தேறாவிட்டால் ஜூலை துணைத்தேர்வில் எழுதித் தேறட்டும் என்று விட்டிருக்கிறேன்' என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியிருந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பாடம் நின்றது, எந்த ஆசிரியர் பொறுப்பு, காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பச்சை மையில் எழுதியிருந்தது. கோடை விடுமுறையில் பள்ளியின் பின்கட்டில் ஆறு பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை வரும்போது பார்த்திருந்தேன். அவர்கள் யார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஏரிக்கரைப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது எதிர்வீட்டுப் பெண்ணின் நோட்டுப்புத்தகம். அவள் அங்கே ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். 'அத்தை, பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கட்டையே கொண்டுவந்து வைத்தாள். ஒரு பள்ளியை மதிப்பிட ஒரே ஒரு பொருள்தான் கிடைக்கும் என்றால், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டைக் கேட்பேன். அறிவியல் நோட்டில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒழுங்காகத் தேதியிட்டு, படம் வரைந்து, சிவப்பு மையில் திருத்தம் செய்து, கீழே கையொப்பமும் இருந்தது. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு இரண்டே பாடங்கள். நவம்பர் முழுக்க ஒரு பக்கமும் இல்லை. ஜனவரியில் கையேட்டிலிருந்து பார்த்து எழுதிய வினா விடைகள் திடீரென்று பக்கம் பக்கமாக வந்தன, திருத்தமோ கையொப்பமோ இல்லாமல். 'சார் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போய்விடுவார் அத்தை, எங்களைப் படிக்கச் சொல்வார்' என்றாள். அந்த நூறு சதவீதத்துக்கான விலையில் ஒரு பகுதியை ஒன்பதாம் வகுப்பு செலுத்தியிருக்கிறது. அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் அடித்தளம் இல்லாமல் பத்தாம் வகுப்புக்கு வரும்போது, அவர்களைத் தேற்றுவதற்கு அடுத்த ஒன்பதாம் வகுப்பின் ஆசிரியர் பறிக்கப்படுவார்.

இதே நோய் பிளஸ் ஒன்னிலும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போடவைத்த பள்ளிகளை வழிக்குக் கொண்டுவரத்தான் 2017-18 இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்தை நினைத்தால் அந்த முடிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நீட், ஜேஇஇ தேர்வுகளில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கிறார்கள் என்பதால், இனி பிளஸ் ஒன் வகுப்பில் உண்மையிலேயே பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளியில் என்னென்ன குரூப் இருக்கிறது என்பதையும் ஆறாம் வகுப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் இல்லாத பள்ளியில் ஐந்து ஆண்டு படித்துவிட்டுப் பதினொன்றில் இடம் தேடி அலைவது எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. பெண்கள் பள்ளியில் முதல் குரூப், கணினி அறிவியல், வணிகவியல் மூன்றும் இருந்தன. தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆசிரியர் ஓய்வுபெற்றபின் ஆள் போடவில்லை.

பயிற்றுமொழி பற்றி வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு பத்தாண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பெற்றோர் வரிசையில் நிற்பதும் அதற்குத்தான். என் மாமியார், 'இவ்வளவு நாள் பணம் கட்டி இங்கிலீஷில் படிக்கவைத்ததை வீணாக்கப் போகிறாயா?' என்று கேட்டார். ஆனால் அங்கே ஆங்கில வழிக்கென்று தனி ஆசிரியர்கள் இல்லை. தமிழ் வழிக்கு எடுப்பவர்களே இதற்கும் எடுக்கிறார்கள். விளக்கம் தமிழிலும் நோட்டு ஆங்கிலத்திலும் போகிறது. பாடம் தமிழில் புரிகிறது, தேர்வுக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு நேரே தமிழ் வழியில் சேர்த்துவிடலாம் என்பது என் கட்சி. தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று கணவர் சொன்னார். 2020 இல் செய்த திருத்தத்தின்படி அதற்குப் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும், ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக்கில் ஆங்கில வழியில் படித்த நம் மகளுக்கு அது கிடைக்காது என்று நான் விளக்கியபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. அந்தச் சலுகை இல்லை என்றாலும் தமிழ் வழியே சரி என்பதில் நான் மாறவில்லை.

பெண் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. நான் கதவைத் திறந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். எட்டுக் கதவுகளில் ஐந்துக்குத் தாழ்ப்பாள் விழுந்தது, ஒன்றில் துணி உலர்த்தும் கயிற்றால் கட்டியிருந்தது, இரண்டில் ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தது. தூய்மைப் பணியாளர் அன்று காலை வந்து போன ஈரம் தரையில் இருந்தது. நல்லது என்று சொல்ல மாட்டேன், சமாளிக்கக்கூடியது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கிராமத்துப் பிள்ளைகள் எந்தப் பேருந்தைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். துணைத்தேர்வுப் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை வந்து, ஐந்தே முக்கால் வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும்வரை நின்றுவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் மதிப்பீட்டில் பெண்கள் பள்ளிக்கு நான் போட்ட மதிப்பெண்களில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தில் விழுந்ததுதான்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு அடையாளம் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு, அதாவது என்எம்எம்எஸ். தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை என்பதால், யாராவது ஓர் ஆசிரியர் பள்ளி நேரத்துக்கு அப்பால் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தால்தான் பிள்ளைகள் தேறுவார்கள். பொதுத்தேர்வு வகுப்பு அல்லாததால் மீளாய்வுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் அதட்டுவதில்லை. ஆண்டுதோறும் நாலைந்து பேர் இதில் தேறுகிறார்கள் என்றால் அந்தப் பள்ளியில் கேட்காமலே வேலை செய்கிற ஒருவராவது இருக்கிறார் என்று பொருள். பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் இதைச் செய்துவருகிறார். ஏரிக்கரைப் பள்ளியில் சென்ற ஆண்டு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்.

ஜூன் மாதம் மகளைப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தோம். சேர்க்கையின்போது தலைமையாசிரியை அவளிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். திக்கித் திக்கிப் படித்தாள். ஐந்து ஆண்டு ஆங்கில வழியின் வரவு அது. 'தமிழம்மா பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிப் பதிவேட்டில் பெயரை எழுதினார். தாழ்ப்பாள் இல்லாத இரண்டு கதவுகளைப் பற்றி நான் வாயெடுத்ததும், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து நீயே சொல் என்றார். போய்ச் சொன்னேன். இரண்டுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கணிதப் பணியிடத்துக்கு எதிரே மட்டும் அந்த '1' இன்னும் இருக்கிறது; தற்காலிக ஆசிரியை நன்றாகவே நடத்துகிறார் என்று மகள் சொல்கிறாள், ஆனால் அவரும் வேறு வேலைக்குத் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறாராம்.